சாண்ட் ஃபில்டர் மணலை ஆசிட் போட்டுச் சுத்தம் செய்வது எப்படி

போர் தண்ணீரை நம்பியிருக்கும் அபார்ட்மென்ட்களில் சாண்ட் ஃபில்டர் மக்கர் செய்தால், முதலில் வரும் பதில் "மணலை மாத்திடலாம்" என்பதுதான். அடுத்த பதில் "ஆசிட் ஊத்திடலாம்." இரண்டுமே சில இடங்களில் சரியான வைத்தியம்தான். ஆனால் மணலை வெளியே எடுத்துப் பார்க்காமல் யார் இதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். எந்த அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் எந்த கெமிக்கல் என்று முடிவு செய்ய முடியாது.

நான் பெரம்பூரில் இருக்கிறேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஃபில்டர் சர்வீஸுக்கு வந்தவள். கொளத்தூர், மாதவரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று இந்தப் பக்கம் முழுக்க வேலை இருக்கிறது. வடசென்னைத் தண்ணீர் ஒரே மாதிரி கிடையாது. கடலோரம் போகப் போக உப்பும் கடினமும் ஏறும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பல வருஷமாகத் தெரிந்த சங்கதி. உள்ளே வந்தால் ஒரு தெருவில் போர் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அடுத்த தெருவில் பக்கெட்டில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் துரு நிறத்துக்கு மாறிவிடும். அதனால் பக்கத்து அபார்ட்மென்டில் செய்ததை அப்படியே உங்கள் ஃபில்டரில் செய்யச் சொல்லாதீர்கள்.

இங்கே நான் சொல்வது வேகமாக ஓடும் பிரஷர் சாண்ட் ஃபில்டருக்கு மட்டும். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் அமைத்தது போன்ற மெதுமணல் வடிகட்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் மேல் மணலில் வளரும் உயிர்ப்படலம்தான் தண்ணீரைச் சுத்தம் செய்கிறது. அதை மேலாகச் சுரண்டி எடுத்து, மணலை வெறும் தண்ணீரில் அலசிப் போடுவார்கள். அங்கே ஆசிட் போட்டால் ஃபில்டரையே கொன்ற மாதிரி.

முதலில் பேக்வாஷைப் பாருங்கள்

மணல் கெட்டுவிட்டது என்று என்னைக் கூப்பிடும் இடங்களில் பாதிக்கு மேல் உண்மையான நோய் பேக்வாஷ், அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே திருப்பி விட்டு மணலைக் கழுவுவது, போதாததுதான். 24 அங்குல விட்டமுள்ள எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை பிளாஸ்டிக்) டேங்க் என்று வைத்துக்கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு சுமார் 0.29 சதுர மீட்டர். மணல் படுகை கிளம்பி ஒன்றோடு ஒன்று உரசிக் கழுவ வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 600 லிட்டர் வேண்டும். அப்படியென்றால் இந்த டேங்குக்கு நிமிடத்துக்கு 175 லிட்டர். மீட்டர் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். பேக்வாஷ் வெளியேறும் பைப்பில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள், 7 நொடிக்குள் நிறைய வேண்டும். 15 நொடி ஆகிறதென்றால் மணல் அசையவே இல்லை. அந்த மணலுக்கு ஆசிட் போட்டாலும் ஆறே மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். பம்ப்பைச் சரி செய்யுங்கள், இல்லையென்றால் இரண்டு பம்ப்பைச் சேர்த்து ஓட்டுங்கள்.

பேக்வாஷ் சரியாக இருந்து, அது முடிந்த கையோடு ஃபில்டரின் உள்ளே வரும் பிரஷர் கேஜுக்கும் வெளியே போகும் கேஜுக்கும் வித்தியாசம் அரை கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு) மேல் நின்றால், அல்லது வெளியே வரும் தண்ணீர் கலங்கியே வந்தால், அப்போதுதான் மணலைச் சந்தேகப்பட வேண்டும்.

மணலை எடுக்கும் விதம்

மேலே இருக்கும், தண்ணீர் போகும் வழியை மாற்றும் மல்ட்டிபோர்ட் வால்வைக் கழற்றினால், நடுவில் டேங்கின் அடி வரை போகும் ரைஸர் பைப் நிற்கும். அதற்குள் மணல் விழாமல் முதலில் ஒரு மூடி போடுங்கள். பிறகு அரை அங்குல பி.வி.சி. பைப்பை மணலுக்குள் ஒரு அடி ஆழத்துக்கு இறக்கி, மேல் வாயைக் கட்டை விரலால் அழுத்தி மூடியபடியே தூக்கினால், ஈர மணல் குச்சி மாதிரி உள்ளே நின்றுகொண்டே வரும். அதை வெள்ளைத் தட்டில் தட்டுங்கள். மேல் மணல் எது, ஆழத்து மணல் எது என்று வரிசையாகத் தெரியும். நாலு இடத்தில் இப்படி எடுக்க வேண்டும்.

கையில் தேய்த்தால் வழவழப்பாக இருக்கிறதா? அது உயிர்ப்படலம், கிருமிகள் வளர்ந்து உண்டான வழவழப்பு. கோலி குண்டு மாதிரி உருண்டைகள் வருகின்றனவா? அது மண் உருண்டை. அதை எந்தக் கெமிக்கலும் முழுசாக உடைக்காது. குச்சியாலும் ஹோஸ் தண்ணீரின் வேகத்தாலும் உடைத்து, பேக்வாஷில் வெளியேற்ற வேண்டும்.

இப்போது ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கொஞ்சம் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்குங்கள். தண்ணீர் சேறாகி மணல் வெளுத்துவிட்டால் அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தேவை நல்ல பேக்வாஷ் மட்டுமே. குலுக்கிய பிறகும் மணல் பழுப்பாகவோ கறுப்பாகவோ சாம்பல் படிந்தோ இருந்தால், அது குருணை மேல் ஒட்டிய படிவு. அதைச் சின்னச் சின்னக் கண்ணாடி டம்ளர்களில் பிரித்துப் போட்டு, ஒன்றில் 5 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட், ஒன்றில் சிட்ரிக் ஆசிட் கரைசல், ஒன்றில் 2 சதவீத காஸ்டிக் சோடா, ஒன்றில் நீர்த்த ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், அதாவது திரவ ப்ளீச்) என்று விடுங்கள். டம்ளர்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஒரு டம்ளரில் இருப்பதை இன்னொன்றில் ஊற்றவே கூடாது.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் டம்ளரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி குமிழி பொங்கினால் சுண்ணாம்புப் படிவு, அதாவது கால்சியம் கார்பனேட். குமிழி இல்லாமல் ஆசிட் மெல்ல மெல்ல மஞ்சளாகி, மணல் வெளுத்தால் இரும்பு. காஸ்டிக்கில் கலங்கினால் படிகாரக் கசடோ, உயிர்ப்படலமோ. ஹைப்போவில் வழவழப்பு போய்விட்டால் உயிர்ப்படலம்தான் காரணம். எதிலும் அசையாமல் கறுப்பு அப்படியே நின்றால், இன்னொரு டம்ளரில் கழுவிய மணல் மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளி விடுங்கள். சுர்ரென்று நுரைத்தால் மாங்கனீஸ் ஆக்சைடாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எடை பார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். நன்றாகக் காயவைத்த 100 கிராம் மணலை ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் ராத்திரி முழுக்க வைத்து, அலசி, காயவைத்து மறுபடி எடை போடுங்கள். புது ஃபில்டர் மணலுக்கே இந்தியத் தரம் ஐ.எஸ். 8419, 5 சதவீதம் வரை ஆசிட்டில் கரைவதை அனுமதிக்கிறது. உங்கள் மணல் 7, 8 கிராம் குறைந்தால் கெமிக்கல் வாஷ் செய்வதில் அர்த்தம் இருக்கிறது. 20 கிராம் குறைந்தால் மணலை மாற்றுவதுதான் சிக்கனம். கழுவ வாங்கும் ஆசிட், அதை நடுநிலையாக்கும் சுண்ணாம்பு, ஆள் கூலி எல்லாம் சேர்த்தால் கூடூர் பக்கத்திலிருந்து வரும் புது சிலிக்கா மணலே பரவாயில்லை என்று ஆகிவிடும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மணல் பழுப்பாக இருப்பதே ஒரு குறை கிடையாது. பிரஷர் வித்தியாசம் சரியாக இருந்து, வெளியே வரும் தண்ணீரில் இரும்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழேயும் மாங்கனீஸ் 0.1-க்குக் கீழேயும் இருந்தால், அந்தப் படலம் உங்களுக்கு நன்மைதான் செய்கிறது. தண்ணீரில் கரைந்து வரும் இரும்பையும் மாங்கனீஸையும் அதுவே பிடித்து வைக்கிறது. அழகு பார்த்து அதை உரித்துவிட்டு, மறுநாளே பழுப்புத் தண்ணீர் வருகிறதே என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்யும் ஃபில்டரைத் தொடாதீர்கள்.

எதற்கு எது

உயிர்ப்படலம் இருந்தால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மேலே வழவழப்பு மூடியிருந்தால் ஆசிட் குருணையைத் தொடவே தொடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் சம்ப்புக்குள் சாக்கடை கலந்த தண்ணீர் புகுந்த வீடுகளில் இதுதான் நிலைமை. அங்கே ஆசிட்டைவிட ஹைப்போதான் அவசரம். ப்ளீச்சிங் பவுடரைவிடத் திரவ ஹைப்போ நல்லது. பவுடரில் இருக்கும் சுண்ணாம்பு மணலில் தங்கிவிடும். பவுடர்தான் கிடைத்தது என்றால் கரைத்துத் தெளியவைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

24 அங்குல டேங்கில் முக்கால் மீட்டர் மணல், அடியில் ஒரு அடி கூழாங்கல், மணலுக்கு மேல் அரை அடி என்று கணக்குப் போட்டால், இடைவெளிகளை நிரப்ப சுமார் 170 லிட்டர் கரைசல் ஆகும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் வேண்டும் என்றால் 10 சதவீத ஹைப்போ 340 மில்லி போதும். ஒரு ராத்திரி ஊறவைத்து, நன்றாக பேக்வாஷ் செய்யுங்கள். குளோரின் டெஸ்ட் கிட்டில் சுத்தமாக நிறம் வராத வரைக்கும் ஆசிட் கேனின் மூடியைத் திறக்கவே கூடாது. ஹைப்போவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பம்ப் ரூமில் அது ஆளைக் கொன்றுவிடும்.

இரும்பு மட்டும் என்றால் நான் சிட்ரிக் ஆசிட்டைத்தான் முதலில் சொல்வேன். 170 லிட்டருக்கு 5 கிலோ, ராத்திரி முழுக்க ஊறல். மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் கையாள்வது சுலபம், நெடி இல்லை. சுண்ணாம்புப் படிவு அதிகமுள்ள மணலுக்கு மட்டும் இது ஆகாது. கால்சியம் சிட்ரேட் சரியாகக் கரையாமல் உள்ளேயே தங்கிவிடும்.

மாங்கனீஸ் கறுப்பு என்றால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டைத் தொடாதீர்கள். மாங்கனீஸ் டை ஆக்சைடும் அந்த ஆசிட்டும் சேர்ந்தாலும் குளோரின்தான். சாண்ட் ஃபில்டருக்குப் பக்கத்தில் இரும்பு நீக்கும் டேங்க் நிற்கிறது அல்லவா, பல இடங்களில் அதற்குள் இருப்பது மாங்கனீஸ் டை ஆக்சைடு மீடியாதான். "அதையும் கையோட கழுவிடுங்க" என்று சொல்லும் செகரட்டரி சாரிடம் முடியாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். மணலில் மாங்கனீஸ் அளவுக்கு மீறிப் படிந்திருந்தால், சிட்ரிக் கரைசலில் கொஞ்சம் அஸ்கார்பிக் ஆசிட், அதாவது வைட்டமின் சி, சேர்த்து டம்ளரில் பாருங்கள். கறுப்பு கரைகிறதென்றால் அதையே பெரிய அளவில் செய்யலாம்.

ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுண்ணாம்புப் படிவுக்கானது. இங்கே கணக்கு முக்கியம். டேங்கில் 350 கிலோ மணல், எடை பார்த்ததில் படிவு 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 14 கிலோ சுண்ணாம்பு இருக்கிறது. ஒரு கிலோவைக் கரைக்க 0.73 கிலோ சுத்த ஆசிட் வேண்டும், மொத்தம் 10 கிலோவுக்குச் சற்று மேல். கடையில் கிடைக்கும் 30 சதவீத ஆசிட் ஒரு லிட்டரில் சுமார் 345 கிராம்தான் இருக்கும். ஆக 30 லிட்டர். 5 சதவீதக் கரைசல் 170 லிட்டருக்குப் பிடிப்பது 25 லிட்டர்தான். அதனால் ஒரே தடவையில் முடியாது, இரண்டு சுற்றாகச் செய்ய வேண்டும். "ஒரு கேன் ஊத்துனேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

எந்த ஆசிட் வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். சைக்கிளில் பினாயிலோடு வரும் டாய்லெட் ஆசிட்டைக் குடிதண்ணீர் ஃபில்டரில் விடவே கூடாது. வேறு தொழிலில் கழிவாக வரும் ஆசிட்டும் மலிவாகக் கிடைக்கும். அதில் என்னென்ன கரைந்திருக்கிறதோ, அதெல்லாம் உங்கள் மணலுக்குள் போகும். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் கேட்டால் தரம் குறிப்பிட்ட, சோதனை அறிக்கையோடு வரும் ஆசிட் கிடைக்கும். விலை கூடத்தான். குடிக்கிற தண்ணீர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

டேங்க் எது என்பதையும் பாருங்கள். எஃப்.ஆர்.பி. என்றால் உள்ளேயே செய்யலாம். இரும்பு டேங்க் என்றால், உள்ளே எபாக்சி பூசியிருந்தாலும், மணலை வெளியே எடுத்து பிளாஸ்டிக் டிரம்மில் கழுவுங்கள். ஸ்டீல், பித்தளை, ஜி.ஐ. ஃபிட்டிங் எதையும் ஆசிட் விட்டுவைக்காது.

ஆசிட் நாளன்று

குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். ஃபில்டரிலிருந்து ஓவர்ஹெட் டேங்குக்கும் சாஃப்ட்னருக்கும் (கடினத்தைக் குறைக்கும் டேங்க்) போகும் லைனில் வால்வை மூடினால் மட்டும் போதாது, பைப்புகளை இணைக்கும் யூனியனைக் கழற்றிவிட வேண்டும். வால்வு கசியும். யாராவது மறந்து திறப்பார்கள். கழற்றிய பைப்பில் தண்ணீர் போக வழியே இல்லை, அதுதான் நிம்மதி.

கண்ணாடி, முகக் கவசம், முழங்கை வரை ரப்பர் கையுறை, கம் பூட்ஸ், ஏப்ரன், ஆசிட் வாயுவுக்கான மாஸ்க் எல்லாம் வேண்டும். பக்கத்திலேயே ஓடும் தண்ணீர் ஹோஸ் தயாராக இருக்கட்டும். கண்ணில் பட்டால் 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தனியாக யாரும் செய்யக்கூடாது. என்னோடு வரும் தம்பி வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, சரியா இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அது அவனுக்கு நான் கொடுத்திருக்கும் வேலை.

டிரம்மில் முதலில் தண்ணீர், அதில் மெல்ல ஆசிட். மாற்றிச் செய்யாதீர்கள். டேங்கில் நிற்கும் தண்ணீரை ரைஸர் வழியாக முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே ரைஸரில் புனல் வைத்துக் கரைசலை விடுங்கள். அடியில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வழியாகக் கூழாங்கல்லுக்குள் வந்து மணல் ஊடாக மேலே ஏறும். மேலிருந்து கொட்டுவதைவிட இப்படி விடுவது படுகை முழுக்கச் சமமாகப் போகும். 20 லிட்டர் விட்டு, நுரை அடங்குகிறதா என்று பார்த்து, பிறகு அடுத்த 20.

மேல் வாயைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். 14 கிலோ சுண்ணாம்பு கரையும்போது 3,000 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். வால்வை மாட்டி மூடிவிட்டால் டேங்க் வெடித்துவிடும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். பம்ப் ரூம் பேஸ்மென்டில் இருந்தால் ஃபேன் போட்டு வெளியே தள்ளுங்கள். சம்ப்பின் மூடியை அன்று திறக்கவே வேண்டாம்.

அரை மணிக்கு ஒரு தடவை பி.வி.சி. பைப்பால் மணலைக் கிளறிவிட்டு, பி.எச். பேப்பர் போடுங்கள். 1-லிருந்து 3-க்கு மேல் ஏறிவிட்டால் ஆசிட் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை உறிஞ்சி எடுத்துவிட்டு அடுத்த சுற்று. இரண்டு மணி நேரம் போயும் பி.எச். ஏறவே இல்லை, குமிழியும் நின்றுவிட்டது என்றால் வேலை முடிந்தது.

வெளியே எடுத்த ஆசிட்டை எங்கே விடுவது? மழைநீர் வடிகாலில் விட்டால் ஓட்டேரி நல்லாவோ கேப்டன் காட்டன் கால்வாயோ வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குத்தான் போகும். ஏற்கெனவே அவை படும் பாடு போதும். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் டிரம்களில் பிடித்து, நீற்றிய சுண்ணாம்புத் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறுங்கள். மிச்சமிருக்கும் சுத்த ஆசிட் எத்தனை கிலோவோ ஏறக்குறைய அத்தனை கிலோ சுண்ணாம்பு போதும். பி.எச். 7, 8-க்கு வந்ததும் இரும்பு பழுப்புக் கசடாக அடியில் இறங்கும். தெளிந்த தண்ணீரைப் பாதாளச் சாக்கடையில் விடலாம், அதற்கான வரம்பு பி.எச். 5.5 முதல் 9 வரை. கசடைத் தனியாகக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

அப்புறம் வெறும் தண்ணீரை ரைஸர் வழியாக இரண்டு தடவை விட்டு எடுத்து, அதையும் டிரம்மில் பிடியுங்கள். வால்வை மாட்டி பேக்வாஷ், பிறகு ரின்ஸ். வெளியே வரும் தண்ணீரின் பி.எச்.சும் டி.டி.எஸ்.சும் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) போர் தண்ணீரின் அளவுக்கே வந்து நிற்கும்வரை விடாமல் ஓட்டுங்கள். டி.டி.எஸ். மீட்டரில் 50, 60 கூடக் காட்டினாலும் உள்ளே ஆசிட் உப்பு மிச்சமிருக்கலாம். அதன் பிறகுதான் கிருமி நீக்கம். லிட்டருக்கு 25 மில்லிகிராம் குளோரின், 12 மணி நேரம், மறுபடி ரின்ஸ். ஆசிட் முழுக்கப் போன பிறகே ஹைப்போ என்பதை இங்கேயும் கவனியுங்கள்.

யூனியனை மறுபடி மாட்டுவதற்கு முன்னால் ஒரு சாம்பிளை லேபுக்கு அனுப்புங்கள். பி.எச்., டி.டி.எஸ்., குளோரைடு, இரும்பு, மாங்கனீஸ், கலங்கல், கோலிஃபார்ம் பாக்டீரியா ஆகியவற்றைக் கேளுங்கள். ரிசல்ட் வரும்வரை அந்த வீட்டுக்காரர்கள் மெட்ரோ தண்ணீரோ லாரித் தண்ணீரோ பயன்படுத்தட்டும். ஆசிட்டில் கொஞ்சம் மணலும் குறைந்திருக்கும், மட்டத்தை அளந்து பார்த்து, 5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் 0.45-லிருந்து 0.7 மில்லிமீட்டர் அளவுள்ள மணலால் நிரப்புங்கள். அன்றைக்குப் பிரஷர் கேஜ் இரண்டும் காட்டும் எண்ணை டேங்க் மேலேயே மார்க்கரால் தேதியோடு எழுதிவிட்டு வாருங்கள். அடுத்து வரும் ஆள் அதை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.